இரண்டு ஆள் வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசல் முற்றத்தில் கனமான இரும்பு ஏதோ சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் அதே சத்தம். நடுவில் மூச்சு வாங்கும் ஒலியும் மெல்லிய முனகலும். நான்காவது முறை விழுந்தபோது எனக்குக் கூட்டலே தப்பிவிட்டது. சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

பூவரச மரத்தடியில் பிக்கப் வண்டி நின்றது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் துண்டுகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த டிரைவர் அண்ணா மல்லாந்து படுத்திருந்தார். அவர் மார்பின் மீது பெரிய ‘ப’ எழுத்தைப் போல வளைந்த இரும்புக் கம்பி ஒன்று கிடந்தது. கட்டை விரலைவிடத் தடிமன், புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது, கையை விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு அகலம். அதன் ஒரு முனையை இடது கையால் தூக்கி, மறுமுனையை முழங்காலால் முட்டுக்கொடுத்து, வலது கையால் போல்ட்டைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வழுக்கியது. கம்பி மறுபடி தரையில் விழுந்தது.

“மூணு ஞாயித்துக்கெழமையா இத்தோட மல்லுக்கட்டிக்கினு கீறேன் டீச்சர்” என்றார், என் பாதங்களைப் பார்த்தபடி. “இது ரெண்டு ஆள் வேலை.”

சுனாமிக்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. நான் மாமல்லபுரத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. செங்கல்பட்டில் அம்மாவோடு இருந்த வீட்டை, அம்மா போன பிறகு அண்ணன் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டான். என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் என் அலமாரி இருந்த இடத்தில் அவன் மகனின் படிப்பு மேசை வந்தது. அடுத்த வாரமே நான் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துக்கொண்டேன். ஒரு அறை, ஒரு சமையலறை. முற்றமும் கிணறும் குளியலறையும் இரண்டு போர்ஷனுக்கும் பொது. வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார்.

டிரைவர் அண்ணாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். சொந்த வண்டி. சிற்பக்கூடங்களில் செதுக்கிய சிலைகளைச் சென்னைத் துறைமுகத்துக்கும், ஊர்க் கோயில்களுக்கும், கடற்கரைச் சாலையில் முளைத்துக்கொண்டிருந்த விடுதிகளுக்கும் ஏற்றிப்போவார். நான் குடிவந்த பத்து மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். மோட்டார் போடட்டுமா, தண்ணீர் வருகிறதா, கேஸ்காரன் வந்தானா. அவர் தனியாக இருந்தார். ஆனால் முற்றத்துக் கொடியில் ஒரு ஓரமாகப் பெண்கள் தலையில் செருகும் கிளிப்புகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அவர் வாசல் மாடத்தில் கோலமாவு டப்பா ஒன்று மழையில் நனைந்து, காய்ந்து, கல்லாகிப் போயிருந்தது. யாருடையது என்று நான் கேட்டதில்லை.

“நான் பிடிக்கிறேன் அண்ணா” என்றேன்.

“வேணாம் டீச்சர். கிரீஸு, அழுக்கு. பார்த்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?”

நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொன்ன கணக்கு என்னை என்னவோ செய்தது. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்க அவருக்கு ஒருவரும் இல்லை. கேட்டால் வருவேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உள்ளே போய், வாங்கிவைத்து ஒரு நாளும் வெளியே போட்டுப் போகாத சுடிதாரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கோரைப்பாயோடு வந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஒரு வண்டியின் அடிப்பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கிற தடித்த குழாய். அதன் மேல் இரு பக்கமும் அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள். பாரம் ஏறியதும் அந்தப் பட்டைகள்தான் வளைந்து கொடுக்குமாம். வண்டி வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கத்துப் பட்டை அமுங்கும், மறுபக்கம் எழும்பும், மேலே இருக்கிற பாரம் சாயும். இந்தக் கம்பியைக் குழாயோடு சேர்த்துக் கட்டி, இரு முனைகளையும் வண்டிச் சட்டத்தோடு இணைத்துவிட்டால், ஒரு பக்கம் மட்டும் சாயவிடாமல் முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் என்றார். அந்த மாதிரி வண்டிகளில் முன்னால் மட்டும்தான் இருக்குமாம், பின்னால் வராதாம். செங்கல்பட்டு மெக்கானிக் சொல்லி, சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்திருந்தார்.

“மெக்கானிக்கே மாட்டித் தரமாட்டாரா?”

“தருவான். அரை மணி நேர வேலை அவனுக்கு. ஆனா வேற ஒருத்தன் முடுக்கின போல்ட்ட நம்பி நான் வண்டி ஓட்ட முடியாது டீச்சர். இனிமே முடியாது.”

‘இனிமே’ என்ற சொல் அங்கே தங்கிவிட்டது. நான் கம்பியின் ஒரு பக்கத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தேன். பார்த்ததைவிடக் கனம் அதிகம். அவர் ரப்பர் வளையங்களுக்கு உள்ளே கிரீஸைத் தடவி, கம்பியில் பிளந்து மாட்டி, குழாயைச் சுற்றி வளைந்த போல்ட்டை நுழைத்து நட்டை விரலாலேயே நாலு சுற்று சுற்றினார். முடுக்கவில்லை. எல்லாவற்றையும் லூசாக மாட்டி, பிரேக் குழாயில் எங்கும் உரசவில்லை என்று பார்த்து, இரு பக்கமும் சமமாக வந்த பிறகுதான் முடுக்க வேண்டுமாம்.

இரண்டாவது பக்கத்துக்கு நகர்ந்தபோதுதான் சொல்லத் தொடங்கினார். இருவரும் மல்லாந்து கிடந்தோம். கண்ணுக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் துருவும் சேறும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப் படுத்திருந்ததால்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

போன வருடம் வரை அவருக்கு வண்டியில் துணைக்கு அவர் மனைவியின் தம்பி வந்துகொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. சிலையை ஏற்றி இறக்க, கயிறு கட்ட, பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள. பின்னாலிருந்து டிரைவர் கூரையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ, விடாமல் தட்டினால் மெதுவாகப் போ. அன்றைக்கு ஏற்றியது ஆளுயரத் துவாரபாலகர் ஒன்று. தூக்கிய கை உடைந்துவிடும் என்று படுக்கவைக்காமல், மணல் மூட்டைகளை முட்டுக்கொடுத்து நிற்கவைத்தே கட்டியிருந்தார்கள். திருக்கழுக்குன்றம் சாலையில் ஏரிக்கரை ஓரமாக ஒரு வளைவு. வண்டி சாய்ந்தது, கயிறு தளர்ந்தது, கல் அவன் வலது பாதத்தின் மேல் விழுந்தது. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. மனைவி தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே அச்சரப்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

“வண்டி சாயும்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். போலீஸுக்கும் அதான் சொன்னேன். மாமியார் வூட்லயும் அதான் சொன்னேன்.” கொஞ்ச நேரம் ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “அன்னிக்குக் காலைல நாஸ்தா துன்னும்போது அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். சிறுசேரி பக்கம் ஏதோ கம்பெனில செக்யூரிட்டி வேலை கெடைச்சிருக்கு, அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டேன்னான். நான் கத்துனேன். வழி பூரா எனக்கு அதே கோவம். அந்த வளைவு வரசொல்லோ விடாம தட்டினான். கேட்டுது. நல்லா கேட்டுது டீச்சர். தட்டுடா, நல்லா தட்டுன்னு நெனச்சிக்கினு ஓட்டினேன்.”

என் கைகள் மரத்துவிட்டிருந்தன. கம்பியைக் கீழே விடவில்லை.

“யார்கிட்டயும் சொன்னதில்ல” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு எப்போதுமே வராது. “நட்டைச் சுற்றுங்க அண்ணா, கை வலிக்குது” என்றேன். அவர் அவசரமாகச் சுற்றினார். பதினோரு மணிக்கு முனைகளை வண்டிச் சட்டத்தோடு இணைத்து முடித்தோம். பிறகு ஒவ்வொரு நட்டையும் முழு பலத்தையும் போட்டு முடுக்கினார். முடுக்கியதையே மறுபடி தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம், அது முடிந்ததும் பழையபடி முதல் பக்கம். போதும் என்று நான் சொல்லும் வரை.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் நான்கை வண்டியில் ஏற்றி, ரப்பர் குழாயால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். “நான் பின்னால் உட்காருகிறேன்” என்றேன். கம்பி பிடிக்க வருகிறேன் என்றதற்கு லேசாகத்தான் மறுத்தார். இதற்கு முகம் மாறிப்போனது. “இன்னா பேசறீங்க? அந்தச் சம்பவத்துக்கப்புறம் பின்னால ஒரு ஆளையும் ஏத்தல நான்” என்றார். பின்னால் ஆளே இல்லாமல் சோதித்தால் இவர் மனைவி வீட்டில் போய் யாரையும் நம்பவைக்க முடியாது, தன்னையே நம்பவைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. வாதம் செய்யவில்லை. டயர் மேல் கால் வைத்து ஏறி, டிரம்களுக்கும் டிரைவர் கூரைக்கும் நடுவே உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் கீழே நின்றார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

மாட்டுவண்டிகூட எங்களை முந்தியிருக்கும். அவ்வளவு மெதுவாகப் போனார். ஏரிக்கரை வந்தது. வளைவுக்கு ஐம்பது அடி முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம், ஏரியில் தண்ணீர் நிறைந்து, அக்கரையில் கொக்குகள். எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. தலை குனிந்திருந்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். நான் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

வண்டி நகரவில்லை. காத்திருந்தேன். அந்த வளைவில் அவர் மறுபடி எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். மறுபடி இரண்டு தட்டு. இந்த முறை பலமாக.

கியர் விழும் ஓசை. வண்டி வேகம் எடுத்தது. வளைவுக்குள் நுழைந்தபோது டிரம்களில் இருந்த தண்ணீர் ஒரே பக்கமாக எழுந்து என் தோளிலும் மடியிலும் கொட்டியது. நான் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்தான் சாய்ந்தது. வண்டி லேசாகச் சாய்வது போல் காட்டி, யாரோ அடியிலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி நிமிர்ந்துகொண்டது. வளைவு முடிந்து ஓரமாக நிறுத்தி, இறங்கி ஓடி வந்தார். முழுக்க நனைந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. காலையில் அவர் டீ போட்டுப் பூவரச மரத்தடிக்குக் கொண்டுவருவார். நான் இட்லியோ உப்புமாவோ தட்டில் வைத்துக் கொடுப்பேன். ஏற்றிப்போன சிலைகளைப் பற்றிச் சொல்வார். என் மாணவிகள் விடைத்தாளில் எழுதிய வேடிக்கைகளை நான் சொல்வேன். ஐந்து ஞாயிறுகள் இருக்கும். ஆறாவது ஞாயிறு, பொங்கல் கழிந்த பிறகு, “அச்சரப்பாக்கம் போய்ட்டு வரலாமா டீச்சர்? வண்டி இப்ப சாயாதுன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும். நான் சொன்னா நம்பமாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க” என்றார்.

அச்சரப்பாக்கத்தில் மாமியார் வீடு சாலையோரம் இருந்தது. முன்னறையை எஸ்.டி.டி. பூத் ஆக்கியிருந்தார்கள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, மேசையில் பில் அடிக்கும் மெஷின். மேசைக்குப் பின்னால் அவருடைய மச்சான், அந்தத் தம்பி, உட்கார்ந்திருந்தான். வலது காலில் செயற்கைப் பாதம்; கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. “வா மாமா” என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. மாமியார் எனக்கு நாற்காலி போட்டார். உள்வாசலில் நிலையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். ஒல்லியாக, மாநிறமாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு. கொடியிலிருந்த கிளிப்புகளுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. நான் டிரைவரை அண்ணா என்று அழைத்துவந்ததால் அவரை அண்ணி என்றேன்.

டிரைவர் அண்ணா யார் முகத்தையும் பார்க்காமல் மச்சானை வெளியே கூட்டிப்போனார். போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ரப்பர் இங்கே, போல்ட் இங்கே, இது இப்படி முறுக்கிப் பிடிக்கும் என்று அங்கிருந்தே விளக்கிக்கொண்டிருந்தார். மச்சான் கைத்தடியை ஊன்றிக் கஷ்டப்பட்டுக் குனிந்து பார்த்தான். “நல்லா கீது மாமா” என்றான். “வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்” என்றார். மச்சான் முன்சீட்டில் ஏறி உட்கார, வண்டி கிளம்பிப் போனது.

அண்ணி வாசலுக்கு வந்து, போன வண்டியைப் பார்த்தபடி நின்றார். நான் எனக்குக் கொடுத்திருந்த வேலையைத் தொடங்கினேன். வளைவில் நானே பின்னால் உட்கார்ந்து போனேன், வண்டி கொஞ்சம்கூட…

“டீச்சர்” என்றார் அண்ணி. “ஆஸ்பத்திரில என் தம்பிக்குக் கால எடுத்துக்கினு இருக்காங்க. வெளியில உக்காந்துகினு இவரு பட்டை வீக்கா கீது, கயிறு சரியில்ல, ரோடு சரியில்லன்னு பேசிக்கினே இருந்தாரு. அப்புறமா மாசாமாசம் இங்க வந்தாரு. அப்பவும் வண்டிதான். இப்ப உங்களையும் கூட்டிக்கினு வந்து வண்டியத்தான் காட்டறாரு. நான் அந்த வண்டியவா கட்டிக்கினேன்?”

எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை.

அரை மணி நேரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. மச்சான் மெதுவாக இறங்கி, எங்களைப் பார்க்காமல் பூத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். டிரைவர் அண்ணா நேராக அண்ணியின் முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் மண்.

“அவன் தட்டினான்” என்றார். “எனக்குக் கேட்டுது. கோவத்துல நான் பிரேக்கத் தொடல. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல.”

சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“இத்த சொல்ல ஒரு வருசமா?” என்று மட்டும் கேட்டார் அண்ணி. உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றோம். அவர் திரும்பி வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் டிரைவர் அண்ணா தானாகவே சொன்னார். சாலை முனையில் வண்டியை நிறுத்தி மச்சானிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அவன், “தெரியும் மாமா. சைடு கண்ணாடில உன் மூஞ்சி தெரிஞ்சுது. நான் தட்டறது உனக்குக் கேட்டுதுன்னு அப்பவே தெரியும். அக்காகிட்ட சொல்லல” என்றானாம். ஒரு வருடமாக அவன் அதை அந்த மஞ்சள் போர்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் இதைச் சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே ஒழுங்காக ஓட்டினார். மதுராந்தகம் ஏரி பக்கத்தில் வந்தபோது, நான் யாரிடமும் சொல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது.

அம்மா இரண்டு வருடம் படுக்கையில் இருந்தாள். பேச்சு போய்விட்டது. என்னைக் கூப்பிட எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து அரை நாள் லீவில் வந்து, காபி கலந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். தட்டினாள். இந்தக் காபியைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நின்றது. நின்றதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காபியை முழுக்கக் குடித்து, டம்ளரைக் கழுவிவிட்டுத்தான் போனேன். அம்மா போய்விட்டிருந்தாள். உடனே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். பக்கத்திலாவது இருந்திருக்கலாம்.

டிரைவர் அண்ணா வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய், இரண்டு டீ வாங்கி வந்தார். ஏரியைப் பார்த்தபடி குடித்தோம். “கிளம்பலாமா டீச்சர்?” என்றார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னோடு இருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒரு டீ குடிக்கும் நேரத்தைத்தான் சொல்வேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். முற்றத்தில் கோலம் இருந்தது. கல்லாகிப் போன டப்பாவைக் காணோம்; புது டப்பா. அண்ணி கிணற்றடியில் புடவை அலசிக்கொண்டிருந்தார். “வந்துட்டேன் டீச்சர்” என்றார். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, மனசாரச் சந்தோஷப்பட்டேன். அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசும் சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. குரல்கள் மட்டும் மாறி மாறி வரும். இடையில் பாத்திரம் வைக்கும் ஒலி, சிரிப்பு. விடைத்தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரத்தில் ஒரு தாள்கூடத் திருத்தியிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீ வந்தது. அண்ணிதான் கொண்டுவந்தார். டிரைவர் அண்ணா வண்டி கழுவிக்கொண்டே, “இன்னா டீச்சர், நல்லா கீறீங்களா?” என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். மோட்டார் போடட்டுமா, தண்ணீர் வருகிறதா என்ற பழைய பேச்சுக்கே வந்துவிட்டோம். யார் மேலும் குறை இல்லை. இருவர் வாழும் வீட்டின் பக்கத்தில் மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு பேச்சு வேண்டுமோ அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. கோடை விடுமுறையில் மாறுதல் கேட்டு விண்ணப்பித்தேன். கூடுவாஞ்சேரி கிடைத்தது.

ஜூன் மாதம் அவர்கள் வண்டியிலேயே என் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். புது வீட்டில் அண்ணியே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். டிரைவர் அண்ணா பீரோவைச் சமமாக நிற்கவைக்கக் காலுக்கு அடியில் அட்டை மடித்துவைத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து பால் குடித்தோம். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். “லீவுல வாங்க டீச்சர்” என்றார் அண்ணி. டிரைவர் அண்ணா தலையை மட்டும் அசைத்தார். வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பும் வரை நின்று பார்த்தேன். லீவில் நான் போகவில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் கடல் உள்ளே வந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மாமல்லபுரம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அச்சரப்பாக்கம் பூத்தின் எண் என் பழைய நோட்டில் இருந்தது. இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மச்சான் எடுத்தான்.

“மாமாவும் அக்காவும் நல்லா இருக்காங்களா?” என்றேன்.

“நல்லா கீறாங்க. முட்டி வரைக்கும் தண்ணி வந்துச்சாம். ஒண்ணும் ஆவல. இப்ப இங்கதான் கீறாங்க, வண்டில டவுனுக்குப் போயிருக்காங்க. யாரு பேசறது?”

“டீச்சர்.”

“எந்த டீச்சரு?”

என்னவென்று சொல்வது? கம்பி பிடித்த டீச்சர் என்றா? “பக்கத்துப் போர்ஷன்ல இருந்தேனே” என்றேன்.

“ஆங்… சொல்றேங்க, வந்ததும் சொல்றேன்” என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ அவசரமாகப் பேச வேண்டும் என்று சொல்வது கேட்டது. வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், என் எண்ணை அவனிடம் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுபடி அழைத்திருக்கலாம். போனுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.